பாறை விலங்குகளும் வேட்டை அறிந்தவர்களும்

எங்கள் இரும்பை மாகாளேசுவரர் கோயிலில் மூன்றாய்ப் பிளந்து செப்புத் தகட்டால் கட்டப்பட்ட லிங்கத்துக்குக் கடுவெளிச் சித்தர் கதை இருக்கிறது. சம்பந்தர் பதிகமும் இருக்கிறது. இதே விழுப்புரம் மாவட்டத்தில் செத்தவரை, ஆலம்பாடி, கீழ்வாலைப் பாறைகளில் தீட்டப்பட்ட விலங்குகளுக்குக் கதை இல்லை. உண்மையிலேயே கதை இல்லையா, அல்லது சொல்லத் தெரிந்தவர்களை நாம் கேட்கவே இல்லையா?

கீழ்வாலை பற்றிய எழுத்துகளைப் பாருங்கள். பறவை முகம் கொண்ட மனித உருவங்களோடு காணப்படும் சில குறிகள் சிந்துவெளி எழுத்தா என்பதைச் சுற்றியே பேச்சு நடக்கிறது. எழுத்து கிடைத்துவிட்டால் தமிழனின் தொன்மை நிரூபணமாகிவிடும் என்கிற அவசரம். விலங்குகளை மட்டும் 'வேட்டைக் காட்சி' என்று ரெண்டே வார்த்தையில் முடிச்சிட்டுப் போயிடறாங்க.

செத்தவரையிலும் ஆலம்பாடியிலும் உடம்பின் உட்புறம் தெரியும்படி விலங்குகள் வரையப்பட்டுள்ளன. 'எக்ஸ்ரே பாணி' என்பது ஆய்வாளர்கள் வைத்த பெயர். தோலுரித்து, கூறு போட்டு, பங்கு வைத்த கைக்கு உள்ளே இருப்பது புதிதல்ல. இது பாணி மட்டுமல்ல, ஓர் அறிவு.

1873இல் ஆப்பிரிக்காவின் மலோட்டி மலைகளில் குயிங் என்ற சான் வேட்டைக்காரர், ஜோசப் ஓர்பென் என்ற காலனிய அதிகாரிக்குப் பாறை ஓவியங்களை விளக்கிச் சொன்னார். நூறாண்டு கழித்து டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ் அந்த ஓவியங்களைச் சடங்குகளின் உலகமாக வாசித்தபோது, குயிங்கின் வார்த்தைகள் அவருக்கு முக்கியச் சான்றாயின.

திண்டிவனம், விழுப்புரம் பக்கம் இருளர்கள் இருக்கிறார்கள். ஓவியம் தீட்டியவர்களின் நேர் வாரிசுகள் இவர்கள் என்று நான் சொல்லவில்லை. தடம் பார்த்து, வளை பார்த்து விலங்கை அறியும் அறிவு இவர்களிடம் உண்டு என்கிறேன். அந்த அறிவை அரசு என்ன செய்தது? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் உடும்பும் பாம்பும் பிடிப்பது குற்றமாயிற்று. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுக்க மட்டும் அனுமதி பெற்றது. 2023இல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ. விஷமுறிவு மருந்துக்குப் பயன்பட்டால் விருது. வீட்டு அடுப்புக்குப் போனால் வழக்கு.

கல் உடைப்பவர்களிடமிருந்து பாறைகளைக் காப்பாற்ற வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தப் பாறைக்கு முன்னால் ஓர் இருளர் பெரியவரைக் கூட்டிப்போய், 'இது என்ன மிருகங்க ஐயா, என்ன பண்ணுது?' என்று கேட்காமல் எழுதப்படும் வரலாறு, கோயில் கல்லுக்குப் புராணம் எழுதிய கைகளிலேயேதான் இருக்கும்.