கணக்கியல் தகவல் முறைமை

பண நடவடிக்கைகளைப் பதிந்து, வகைப்படுத்தி, சேமித்து, முடிவெடுக்க உதவும் அறிக்கைகளாக்கித் தரும் ஏற்பாடு. கணினி அதில் ஒரு பகுதியே. ஆட்களும் ஆவணங்களும் விதிகளும் சேர்ந்தால்தான் முறைமை. எடுத்துக்காட்டாக, கள்ளக்குறிச்சி மாவட்டத்து ரிஷிவந்தியம் போன்ற கிராம ஊராட்சிகளின் நிதிக்குழு மானியக் கணக்கு, 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பட்ட இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் பதிவாகிறது.

குடிநீர் மின்மோட்டாரைப் பழுதுபார்த்த செலவை எடுத்துக்கொள்ளலாம். கடைக்காரர் தரும் பில்தான் மூல ஆவணம். தேதி, தொகை, பெறுபவர், கணக்குத் தலைப்பு ஆகியவற்றுடன் அது செலவுச்சீட்டாகிறது. அங்கிருந்து ரொக்கப் புத்தகத்துக்கும் பேரேட்டுக்கும் செல்கிறது. தலைப்பு தவறினால் எல்லா அறிக்கையும் தவறும். 15ஆவது நிதிக்குழுவின் 2021–26 காலத்துக்கான ஊரக மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என ஒதுக்கப்பட்டது. அதைத் தனியே காட்டியாக வேண்டும்.

உள்கட்டுப்பாடே இம்முறைமையின் உயிர். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் கூட்டாகக் கையொப்பமிட வேண்டும். இணையவழிப் பட்டுவாடாவில் அந்த இடத்தை இரண்டு மின்னணுக் கையொப்பங்கள் பிடித்துள்ளன. அக்கையொப்பங்களுக்கான இரண்டு சாவிகளும் ஒரே மேசை இழுப்பறையில் கிடந்தால் கட்டுப்பாடு பெயரளவுக்கே. தணிக்கை ஆடிட்ஆன்லைன் தளத்தில் நடக்கிறது. வரவு செலவுக் கணக்கு கிராம சபையிலும் வைக்கப்படுகிறது.