நீள்வட்டத் தட ஸ்டாக் கார் பந்தயம்

நீள்வட்டத் தட ஸ்டாக் கார் பந்தயம் என்பது, வெளித்தோற்றத்தில் விற்பனைக் கார்களை ஒத்த பந்தயக் கார்கள் நீள்வட்டத் தடத்தில் நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஓடும் தானுந்து விளையாட்டு ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் 1948 இல் நிறுவப்பட்ட நாஸ்கார், இதனை நடத்தும் முதன்மை அமைப்பாகும். கார்கள் இடஞ்சுழியாக ஓடுவதால் ஓட்டுநர் இடப்புறம் மட்டுமே திரும்புகிறார். எனவே இது எளிய விளையாட்டு எனக் கருதப்படுவதுண்டு. ஆனால் ஒரே திசையில் இடைவிடாது திரும்புவதே இதன் பொறியியல் சிக்கல்கள் பலவற்றுக்குக் காரணமாகும். தமிழகத்தைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், 2010 இல் நாஸ்கார் பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியர் ஆனார்.

தடமும் சரிவும்

வளைவுகளில் தடத்தின் வெளிவிளிம்பு உயர்த்தப்பட்டிருக்கும். புளோரிடா மாநிலத்தின் டேடோனா தடம் 4.02 கி.மீ. நீளமும் வளைவுகளில் 31 பாகை சரிவும் கொண்டது. வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில் தடம் ஏறத்தாழ 847 மீட்டர் நீளமே உடையது. அதன் சரிவு 12 பாகை.

சரிவு, திரும்புவதற்குத் தேவையான மையநோக்கு விசையின் ஒரு பகுதியைத் தருகிறது. எடுத்துக்காட்டாக, 31 பாகை சரிவும் 300 மீட்டர் ஆரமும் உள்ள வளைவில், உராய்வே இல்லாவிடினும் மணிக்குச் சுமார் 150 கி.மீ. வேகத்தில் கார் வழுக்காமல் திரும்ப இயலும். வேகம் இருமடங்கானால் தேவைப்படும் விசை நான்கு மடங்காகிறது. டேடோனாவில் கார்கள் மணிக்கு 300 கி.மீ.க்கும் மேல் செல்கின்றன. எஞ்சிய விசை முழுவதையும் டயர்களின் பிடிப்பே தர வேண்டும்.

காரின் அமைப்பு

இடப்புறம் திரும்பும்போது காரின் சுமை வலப்பக்க டயர்களுக்கு மாறுகிறது. ஆகவே இருபக்கமும் ஒரே வகையாக அமைக்கப்படுவதில்லை. முன்சக்கரங்கள் இரண்டின் மேற்புறமும் இடப்பக்கம் சாய்த்துப் பொருத்தப்படுகின்றன. வலப்பக்க டயரின் சுற்றளவு இடப்பக்க டயரைவிடச் சற்று மிகுதியாக வைக்கப்படுவதும் உண்டு. வாயகன்ற டம்ளரைத் தரையில் படுக்கவைத்து உருட்டினால், அது சிறிய விளிம்பின் பக்கம் திரும்பும். அதுபோலவே காரும் இயல்பாக இடப்புறம் திரும்ப முனைகிறது.

ஓட்டுநரின் திறன்

முன்சக்கரங்கள் பிடிப்பிழந்து கார் திரும்ப மறுப்பதை 'டைட்' என்றும், பின்சக்கரங்கள் பிடிப்பிழந்து வெளிப்புறம் வழுக்குவதை 'லூஸ்' என்றும் ஓட்டுநர்கள் குறிப்பிடுவர். எரிபொருள் குறைதல், டயர் தேய்தல், தடத்தின் வெப்பநிலை மாறுதல் ஆகியவற்றால் இந்நிலை சுற்றுக்குச் சுற்று மாறும். இதனை உணர்ந்து வானொலி வழியே குழுவினருக்குத் தெளிவாகக் கூறுவது இன்றியமையாத திறனாகும். அதற்கேற்ப, வண்டி நிற்கும் சில நொடிகளில் பின்பக்க வில்சுருளின் அழுத்தமும் டயர்களின் காற்றழுத்தமும் மாற்றப்படுகின்றன.

பெருந்தடங்களில் முன்செல்லும் காரை ஒட்டிச் சென்றால் காற்றுத்தடை குறையும். இவ்வாறு இணைந்து செல்லும் கார்கள் தனித்துச் செல்லும் காரைவிட விரைவானவை. சிறுதடங்களில் பிரேக்கின் வெப்பத்தைக் கட்டுக்குள் வைப்பதே முதன்மையானது. மார்ட்டின்ஸ்வில்லில் 250 சுற்றுகளுக்குள் குறைந்தது 500 முறை பிரேக்கை அழுத்த வேண்டும்.

பாதுகாப்பு

ஏழுமுறை வாகையரான டேல் எர்ன்ஹார்ட், 18 பெப்ரவரி 2001 அன்று டேடோனாவின் இறுதிச் சுற்றில் சுவரில் மோதி இறந்தார். அதே ஆண்டு தலை, கழுத்துத் தாங்கி கட்டாயமாக்கப்பட்டது. எஃகுக் குழாய்களும் நுரைப்பொருளும் கொண்டு மோதல் ஆற்றலை உள்வாங்கும் தடுப்புச்சுவர் 2002 இல் முதன்முதலாக இண்டியானாபொலிசில் அமைக்கப்பட்டது.

நரேன் கார்த்திகேயன்

2005 அமெரிக்க கிராண்ட் பிரீ, இண்டியானாபொலிசு நீள்வட்டத் தடத்தின் சரிவான வளைவொன்றையும் உள்ளடக்கிய பாதையில் நடைபெற்றது. அவ்வளைவின் சுமையை மிச்செலின் டயர்கள் தாங்காது எனத் தெரியவந்ததால் 14 கார்கள் விலகின. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய ஆறு கார்களே போட்டியிட்டன. ஜோர்டான் அணிக்காக ஓட்டிய நரேன் நான்காவதாக வந்து, பார்முலா 1 இல் இந்தியர் ஒருவரின் முதல் புள்ளிகளைப் பெற்றார்.

தமிழகத்தின் இருங்காட்டுக்கோட்டை, செட்டிபாளையம் தடங்கள் இடமும் வலமும் திரும்புபவை. அத்தகைய தடங்களில் பழகிய அவர், நாஸ்காரின் டிரக் தொடரில் மார்ச் 2010 இல் மார்ட்டின்ஸ்வில் தடத்தில் அறிமுகமாகி 13ஆம் இடம் பெற்றார். அவ்வாண்டு அத்தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநர் விருதும் அவருக்கு வழங்கப்பட்டது.