கீழே விழுந்த இடுக்கி: முல்கோவால் 1902

ஊசி போட்ட இடத்தில் கிருமி புகுந்துவிட்டால் தப்பு யாருடையது? மருந்து செய்தவருடையதா, போட்டவருடையதா? இந்தக் கேள்வியால் ஒரு பெரிய விஞ்ஞானி தன் பதவியையே இழந்தார். நடந்தது நம் இந்தியாவில்தான்.

அவர் பெயர் வால்டெமார் ஹாஃப்கின். ஒடெசாவில் பிறந்தவர். 1896ல் பம்பாயில் பிளேக் பரவியபோது அங்கே வந்து, சில மாதங்களிலேயே தடுப்பூசி தயாரித்தார். 1897 ஜனவரி 10 அன்று அதை முதலில் தனக்கே போட்டுக்கொண்டார்! பிறகு பரேலில் இருந்த அவருடைய ஆய்வுக்கூடத்திலிருந்து பல மாகாணங்களுக்கும் புட்டி புட்டியாக மருந்து போனது.

1902 அக்டோபர் 30. பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமம் (இன்று பாகிஸ்தானில் உள்ளது). அன்று ஐந்து புட்டிகளிலிருந்து 107 பேருக்கு ஊசி போட்டார்கள். ஒரு வாரம் போனது. 19 பேருக்கு ரண ஜன்னி, அதாவது டெட்டனஸ் கண்டது. 19 பேரும் இறந்தார்கள். மீதி 88 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. இறந்தவர்கள் எல்லோருமே '53 என்' என்று எண் போட்ட ஒரே புட்டியிலிருந்து ஊசி போட்டுக்கொண்டவர்கள்.

அரசு விசாரணைக் குழு அமைத்தது. ஹாஃப்கின் மருந்தில் கார்பாலிக் அமிலம் சேர்ப்பதை விட்டுவிட்டு வெப்பத்தையே நம்பியிருந்தார். அதனால் புட்டியைத் திறப்பதற்கு முன்பே, ஆய்வுக்கூடத்திலேயே கிருமி சேர்ந்துவிட்டது என்று குழு முடிவு செய்தது. ஹாஃப்கின் பதவி போனது.

ஆனால் சாட்சியத்தில் ஒரு சின்ன விஷயம் இருந்தது. 53 என் புட்டியைத் திறக்கும்போது உதவியாளர் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்தது. அதைக் கார்பாலிக் திரவத்தில் ஒரு முறை அலசிவிட்டு, அதே இடுக்கியால் தக்கையை எடுத்தார். இன்னொன்று, டெட்டனஸ் கிருமி பல நாள் வளர்ந்த மருந்து நாறும். திறந்தபோது முகர்ந்து பார்த்த மருத்துவரோ கெட்ட வாடை எதுவும் இல்லை என்று சொல்லியிருந்தார்.

அலசினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. டெட்டனஸ் கிருமி மண்ணிலும் சாணத்திலும் வித்து வடிவில் பல வருடம் உயிரோடு இருக்கும். வளையமாதேவி பக்கம் வயலில் ஆணி குத்தினால் உடனே டி.டி. ஊசி போடச் சொல்வது இதனால்தான். அந்த வித்து சாதாரணக் கொதிநீரில்கூடச் சுலபத்தில் சாகாது. அதைக் கொல்ல ஆட்டோகிளேவில் அழுத்தத்தோடு 121 டிகிரி நீராவி, குறைந்தது 15 நிமிடம் வேண்டும். கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு.

1907ல், மலேரியா ஆராய்ச்சிக்கு நோபல் பரிசு வாங்கிய ரொனால்டு ராஸும் வேறு பல விஞ்ஞானிகளும் சேர்ந்து லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்கு எழுதினார்கள். ஆய்வுக்கூடத்தின் மேல் போட்ட பழிக்கு ஆதாரமே இல்லை என்றார்கள். அதன் பிறகே ஹாஃப்கின் மீண்டும் இந்தியாவுக்கு, இந்த முறை கல்கத்தாவுக்கு வந்தார். பரேல் ஆய்வுக்கூடத்துக்கு 1925ல் அவர் பெயரையே வைத்தார்கள். அவருக்கு இப்படி நியாயம் கிடைத்தது. முல்கோவாலில் இறந்த 19 பேர் திரும்பி வரவில்லை.

யோசித்துப் பாருங்கள். ஆய்வுக்கூடத்தில் எத்தனை பேர் எத்தனை கவனமாக வேலை பார்த்தாலும், கடைசியாக மூடியைத் திறக்கும் கை சுத்தமாக இல்லையென்றால் எல்லாம் வீண்தான். இன்று ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் ஊசி வந்துவிட்டது. ஆனாலும் பலருக்குப் போடும் மருந்துக் குப்பியின் ரப்பர் மூடியை ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும், தரையில் விழுந்ததை ஒதுக்க வேண்டும். அடுத்த முறை ஊசி போடப் போகும்போது, புது ஊசியை உங்கள் கண் முன்னால் உறை பிரிக்கச் சொல்லுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.