தே தாரிக்
தே தாரிக்: மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பருகப்படும், நுரை மிகுந்த பால்தேநீர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் தமிழ் முஸ்லிம்கள் உள்ளிட்ட இந்திய முஸ்லிம்களின் 'மாமாக்' கடைகள் வழியே பரவியது.

வீட்டில் தயாரிக்க விலையுயர்ந்த இலை வேண்டியதில்லை, தூள்தேயிலையே ஏற்றது. அதைக் கொதிநீரில் சுமார் 5 நிமிடம் ஊறவைத்து, கெட்டிச் சாயமாகத் துணிப்பையில் வடித்து, இனிப்பூட்டிய கெட்டிப்பால் கலப்பர். பின் கைப்பிடியுள்ள இரு எவர்சில்வர் குவளைகளுக்கிடையே, தமிழகத் தேநீர்க்கடைகளைப் போல, உயர்த்தி ஆற்றுவர். விழும் தாரை காற்றை உள்ளிழுக்க, பால்புரதங்கள் குமிழ்களைத் தாங்குவதால் நுரை நிலைக்கிறது; சூடும் தணிகிறது.

இஞ்சி சேர்ந்தது தே ஹாலியா; பாலற்றது தே ஓ. யுனெஸ்கோ 2024இல் பட்டியலிட்ட மலேசியக் காலையுணவுப் பண்பாட்டில் தே தாரிக்கும் அடங்கும்.