ஓரிக்ஸுக்கு யார் வேலி?

கத்தார் ஏர்வேஸ் விமானத்தின் வாலில் நீளக் கொம்போடு ஒரு மான் தலை இருக்குமே, பார்த்திருப்பீங்க. ரொம்ப நாளா அதை ஏதோ அலங்காரச் சின்னம்னுதான் நினைச்சிட்டிருந்தேன். அது அரேபிய ஓரிக்ஸ். இரலை மான்களின் கூட்டத்தைச் சேர்ந்தது. இந்த விலங்கு 1972-இல் இயற்கையில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் அழிந்துபோயிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. பாலைவனத்துக்கென்றே பிறந்த ஒரு விலங்கு பாலைவனத்திலேயே எப்படி அழிந்தது? அதைத் தேடிப் படித்த குறிப்புகள்தான் இவை.

முதலில், அது பிழைத்த விதம். உடம்பு வெள்ளை, அதனால் வெயிலைத் திருப்பிவிடும். குளம்பு அகலம், மணலில் புதையாது. கோடைப் பகலில் மர நிழலில் குழி பறித்து, அடியிலுள்ள குளிர்ந்த மண்ணில் படுத்துக்கொள்ளும். வியர்த்து நீரை வீணாக்காமல், உடல் சூடு சில டிகிரி ஏறட்டும் என்று விட்டுவிடும். இரவுக் குளிரில் அந்தச் சூடு தானாக இறங்கும். செடிகளில் ஈரம் கூடியிருக்கும் இரவிலும் விடியற்காலையிலும் மேயும். இப்படி மாதக்கணக்கில் தண்ணீர் குடிக்காமலே ஓட்டிவிடும். எங்காவது மழை பெய்தால் பல கிலோமீட்டர் நடந்து அந்தப் புல்லைத் தேடிப் போய்விடும்.

ஓமானின் ஜித்தத் அல் ஹராசிஸ் சமவெளி இதன் கடைசிப் புகலிடம். அங்கே வாழும் ஹராசிஸ் மக்களும் முன்பு தண்ணீருக்குப் பதில் ஒட்டகப் பாலையும் ஆட்டுப் பாலையும் நம்பித்தான் இருந்தார்கள்.

யோசிச்சுப் பாருங்க, தண்ணீர் இல்லாததுதான் ஓரிக்ஸுக்கு வேலி. ஒட்டகத்தில் வரும் வேட்டைக்காரனுக்கும் தாகம் எடுக்குமே, எத்தனை நாள் துரத்துவான்? எண்ணெய்ப் பணத்தோடு ஜீப்பும் நவீனத் துப்பாக்கியும் வந்தபோது அந்த வேலி போச்சு. வெயிலிலிருந்து காப்பாற்றிய வெள்ளை நிறமே வெட்டவெளியில் தூரத்திலிருந்து காட்டிக்கொடுத்தது.

1962-இல் மேஜர் இயன் கிரிம்வுட் தலைமையில் ஒரு குழு ஏடன் பகுதிப் பாலைவனத்துக்குப் போய், நான்கு ஓரிக்ஸைத்தான் பிடிக்க முடிந்தது. அதிலும் ஒன்று செத்துப்போனது. மிஞ்சிய மூன்றோடு லண்டன் விலங்குக் காட்சிசாலை, குவைத், சவுதி ஆட்சியாளர்கள் கொடுத்தவற்றையும் சேர்த்தால் மொத்தம் ஒன்பது. அந்த ஒன்பதை வைத்து அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஒரு மந்தையை வளர்த்தார்கள். பத்து வருஷம் கழித்து ஜித்தத்தில் கடைசி ஓரிக்ஸும் சுடப்பட்டது.

1982-இல் அதே ஜித்தத்தில் ஓரிக்ஸைத் திரும்ப அவிழ்த்துவிட்டார்கள். காவலுக்கு ஹராசிஸ் ஆட்களே நின்றார்கள். 1994-இல் அந்த இடம் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. 1996-இல் அங்கே சுமார் 450 ஓரிக்ஸ்.

கதை சுபமாக முடிந்தது என்று நினைத்தால், அதே வருஷம் திருட்டு வேட்டை மறுபடி தொடங்கியது. இந்தத் தடவை தனியார் பண்ணைகளுக்கு விற்பதற்காக உயிரோடு பிடித்தார்கள். 2007-இல் மிஞ்சியது 65. ஓமான் அரசு காப்பகத்தின் பரப்பை 90 சதவீதம் குறைக்க முடிவு செய்தது. யுனெஸ்கோ அதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து ஓர் இடம் நீக்கப்பட்டது அதுதான் முதல் முறை.

மற்ற நாடுகளிலும் விடப்பட்டிருந்ததால் இனம் தப்பியது. 2011-இல் இயற்கையில் சுமார் ஆயிரம் இருந்தன. ஆனால் சவுதியின் மஹாசத் அஸ் ஸய்த் போன்ற காப்பகத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட வேண்டியிருந்தது. வேட்டைக்காரன் உள்ளே வர முடியாது, சரி. ஓரிக்ஸும் மழையைத் தேடி வெளியே போக முடியாதே! வறட்சி வருஷங்களில் அந்த வேலிக்குள்ளேயே நூற்றுக்கணக்கில் செத்தன.

தாகம் வேலியாக இருந்தவரை அது தாகத்தால் அழியவில்லை. நாம் வேலி போட்ட பிறகுதான் தாகம் அதைக் கொல்ல ஆரம்பித்தது.