ஒரு புள்ளி, இரு பொருள்: தன்விழுங்கல் ஆய்வு வரலாற்றில் படமும் சொல்லும்

1963இல் லைசோசோம் குறித்து லண்டனில் நடந்த கருத்தரங்கில் கிறிஸ்டியான் த துவே ‘ஆட்டோஃபேஜி’ என்னும் சொல்லை வழங்கினார். ‘தன்னை உண்ணுதல்’ எனப் பொருள்படும் கிரேக்க வேர்களால் ஆனது அது, தமிழில் தன்விழுங்கல். உயிரணு தன் பழுதுற்ற உறுப்புகளையும் புரதத் திரள்களையும் சவ்வுப் பையில் பொதிந்து, லைசோசோமில் சேர்த்துச் செரித்து, மூலப்பொருளாக மீட்டுக்கொள்ளும் துப்புரவுப் பணிக்கே இப்பெயர். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் அப்பைகள் அதற்கு முன்பே தென்பட்டிருந்தன. அவற்றை இயக்கும் மரபணுக்களோ 1990களில்தான், ஈஸ்டில் யோஷினோரி ஓசுமி மேற்கொண்ட ஆய்வால் வெளிப்பட்டன. அப்பணி 2016இல் நோபல் பரிசு பெற்றது.

இடைப்பட்ட காலத்தில் சொல்லே ஒரு சிக்கலை விளைத்தது. மடியும் உயிரணுக்களில் இப்பைகள் மிகுந்திருக்கக் கண்டோர், உயிரணு தன்னைத்தானே தின்று மடிகிறது எனக் கருத இடமிருந்தது. 2005இல் ரால்ப் நிக்சன் குழுவினர் ஆல்சைமர் நோயாளிகளின் மூளைத் திசுவில், நரம்பணுக்களின் கிளைகளில் இப்பைகள் குவிந்துகிடப்பதைக் காட்டினர். குவியலுக்கு இரு காரணங்கள் இருக்கலாம்: பைகள் அளவுக்கு மீறி உருவாகலாம், அல்லது உருவானவை செரிக்கப்படாமல் தேங்கலாம். தெருவில் குப்பை வண்டிகள் வரிசையாக நிற்கும் ஒரு படத்தைக் கொண்டு, துப்புரவு மும்முரமாக நடக்கிறதா, கிடங்கின் வாயில் அடைபட்டிருக்கிறதா என்று கூற இயலாது. மருந்தின் திசையோ இவ்விடைக்கேற்பத் தலைகீழாக மாறும்.

2006இல் ஜப்பானியக் குழுக்கள் இரண்டு, சுண்டெலிகளின் நரம்பணுக்களில் தன்விழுங்கல் மரபணுக்களை நீக்கின. வேறெந்த நோய்க்காரணியும் இன்றியே அங்குப் புரதத் திரள்கள் சேர்ந்தன, நரம்பணுக்கள் சிதைந்தன. தன்விழுங்கல் நரம்பணுவின் காவல் என்பது இதனால் உறுதிப்பட்டது.

படத்தின் ஈரடித் தன்மையைத் தீர்க்க 2007இல் ஒரு வழி பிறந்தது. பையின் சவ்வில் ஒட்டும் எல்சி3 புரதத்துடன் பச்சை, சிவப்பு ஒளிர்புரதங்கள் இரண்டையும் இணைத்தனர். லைசோசோமின் அமிலத்தில் பச்சை அணையும், சிவப்பு நிலைக்கும். எனவே மஞ்சள் புள்ளி லைசோசோமை அடையாத பை. சிவப்புப் புள்ளி அடைந்த பை. எண்ணிக்கையை மட்டும் காட்டிய படம் ஓட்டத்தையும் காட்டத் தொடங்கியது.

இவ்வரலாற்றில் பெங்களூருக்கும் பங்குண்டு. சிவாஜிநகருக்கு வடக்கே, ஜக்கூரிலுள்ள ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் ரவி மஞ்சித்தாயாவின் குழு, தன்விழுங்கலைத் தூண்டும் சிறு மூலக்கூறுகளைத் தேடிவருகிறது. 2017இல் அக்குழு வெளியிட்ட ஆய்வில், ‘6-பயோ’ என்னும் மூலக்கூறு ஆல்ஃபா சைனுக்ளின் திரள்களை அகற்ற உதவியதும், பார்க்கின்சன் மாதிரிச் சுண்டெலிகளில் டோபமின் நரம்பணுக்களைக் காத்ததும் பதிவாயின. அதே நகரின் நிம்ஹான்ஸில் மனித மூளைத் திசு வங்கி இயங்குகிறது. அங்குள்ள திசு நோயின் இறுதி நிலையையே காட்டும். ஓட்டத்தைக் காண உயிருள்ள அணு வேண்டும்.

வாழும் மனித மூளையில் அவ்வோட்டத்தை நேரடியாக அளக்கும் முறை இன்னும் நிலைபெறவில்லை. நோயாளியின் மூளையில் துப்புரவைத் தூண்டுவதா, அடைப்பை நீக்குவதா என்னும் வினா, அம்முறை வரும்வரை திறந்தே இருக்கும்.