இல்லாமையில் எழுந்த விஞ்ஞானகூடம்



இளஞ்சிறார்க்கு விஞ்ஞானத்தை எவ்வாறு கற்பிப்பது என்ற வினா எழும்போதெல்லாம், உபகரணங்கள் எங்கே என்ற வினாவும் உடன் எழுகின்றது. கண்ணாடிக் குழாய்களும் நுணுக்குக்காட்டியும் இல்லாத பாடசாலையிலே விஞ்ஞானம் புத்தகத்தோடு நின்றுவிட வேண்டியதுதான் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். வன்னிப் பெருநிலப்பரப்பிலே, வவுனியா நகரை அடுத்துள்ள நெளுக்குளம் போன்ற ஊர்களை நினைக்கும்போது இவ்வெண்ணம் மேலும் வலுப்பெறுதல் இயல்பே. ஆனால், வரலாறு கூறுவது வேறு. சிறுவர் தம் கையாற் செய்து, கண்ணாற் கண்டு கற்கும் முறை, போரினாலும் வறுமையினாலும் நலிந்த இடங்களிலேதான் பெரிதும் உருப்பெற்றது.

பதினேழாம் நூற்றாண்டிலே வாழ்ந்த கொமேனியஸ் என்னும் அறிஞர், முப்பதாண்டுப் போரினால் தம் தாயகமாகிய மொராவியாவை இழந்து ஊர் ஊராய் அலைந்தவர். 1656இல் போலந்திலுள்ள லெஷ்னோ நகரம் தீக்கிரையானபோது அவருடைய கையெழுத்துப் பிரதிகளும் எரிந்து போயின. அதற்கு ஈராண்டின் பின், 1658இல், உலகத்துப் பொருள்களைப் படங்களாகக் காட்டிக் கற்பிக்கும் சிறுவர் நூலொன்றை அவர் வெளியிட்டார். புலன் அறிந்த பின்னரே சொல் வரவேண்டும் என்பது அவர் கொள்கை.

1798இல் பிரெஞ்சுப் படையினர் சுவிற்சர்லாந்தின் ஸ்டான்ஸ் என்ற ஊரை அழித்தனர். பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் பேணும் பொறுப்பு பெஸ்டலோஸ்ஸியிடம் வந்தது. புத்தகமும் இல்லை, உதவி ஆசிரியரும் இல்லை. கண்முன் கிடந்த பொருள்களையும் அன்றாட வேலைகளையுமே அவர் பாடமாக்கினார். சில திங்கள்களுக்குள், 1799இல், அக்கட்டடம் படையினரின் மருத்துவமனையாக மாற்றப்பட்டது. எனினும், அங்கே அவர் கண்ட முறை ஐரோப்பா எங்கும் பரவிற்று.

மரியா மொண்டிசோரி அம்மையாரும் 1907இல் உரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பொன்றிலேதான் தமது முதற் பாலர் இல்லத்தைத் தொடங்கினார். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்த அவர், உலகப்போர் மூண்டதனால் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. 1944இல் இலங்கைக்கும் வந்து இங்குள்ள ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். பிள்ளையின் கை வேலை செய்யும்போதே அதன் அறிவும் விழித்தெழுகின்றது என்ற செய்தி நம் நாட்டுக்கு நேரே எட்டியது அப்போதுதான்.

போர் முடிந்தபின் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பாடசாலைகள் இடிந்து கிடந்தன. அந்நிலையில், ஸ்டீபன்சன் என்ற ஆங்கில ஆசிரியர், அழிவுற்ற நாடுகளின் விஞ்ஞான ஆசிரியர்க்கென எழுதிய நூலொன்றை யுனெஸ்கோ நிறுவனம் 1948இல் வெளியிட்டது. வீணென்று எறியப்படும் தகரமும் போத்தலும் கம்பியும் கொண்டு உபகரணங்களைச் செய்துகொள்ளும் வழிகளை அது விளக்கியது. போர்க் காயத்துக்கு மருந்தாக எழுந்த அந்நூலே விரிவடைந்து, 1956இல் யுனெஸ்கோவின் விஞ்ஞானக் கற்பித்தல் மூலநூலாக வெளிவந்தது. பின்னர் அது பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டு, போர் காணாத நாடுகளிலும் கைந்நூலாயிற்று.

இந்தியாவிலே மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்திலும் 1972இல் இத்தகைய முயற்சியொன்று 16 கிராமப் பாடசாலைகளிலே தொடங்கிற்று. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர் தாமே சோதனை செய்து, தாமே முடிவு கண்டனர். இம்முயற்சியை நடத்தியோர் இரண்டு உண்மைகளை உணர்ந்திருந்தனர். ஆசிரியர் முதலில் தாமே மாணவராய் அமர்ந்து சோதனைகளைச் செய்து பார்க்க வேண்டும் என்பது ஒன்று. பரீட்சை மாறாமற் கற்பித்தல் மாறாது என்பது மற்றொன்று. ஆதலால், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதும் பரீட்சையையும், செய்முறைப் பரீட்சையையும் நடைமுறைப்படுத்தினர். நூற்றுக்கணக்கான பாடசாலைகளுக்குப் பரவிய அத்திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. எனினும், அது காட்டிய வழி மறையவில்லை.

நம் நாட்டிலும் 1990களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தம், ஆரம்ப வகுப்புகளிலே சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடத்தைப் புகுத்தியது. பெயரிலேயே செயல் இருக்கின்றது. ஆனால், ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் நீளும்போது, அச்செயலே வினாவிடைத் தாளுக்குள் ஒடுங்கிவிடுகின்றது. இந்த இடரை நாம் மறைத்துப் பேசுதல் கூடாது.

வன்னிக்கும் ஸ்டான்ஸின் துயரம் வந்ததுண்டு. 2009இல் போர் முடிவுற்றபோது இலட்சக்கணக்கான மக்கள் வவுனியா மாவட்டத்து முகாம்களிலே அடைபட்டனர். பாடசாலைகள் பல ஏதிலிகளின் உறைவிடங்களாயின. அழிவிலிருந்து மீண்ட அந்த மண்ணிலே, விலைகொடுத்து வாங்கும் உபகரணங்களுக்காகக் காத்திருப்பதா, உள்ளவற்றைக் கொண்டு தொடங்குவதா என்பதே நம்முன் நிற்கும் வினா.

நெளுக்குளம் என்ற பெயரிலேயே குளம் உண்டு. வன்னிச் சிறுவனுக்குக் குளத்தைவிடச் சிறந்த விஞ்ஞானகூடம் எது? மாரி தொடங்கும்போது அளவு குறித்த கோலொன்றை நீர் விளிம்பிலே நாட்டி, ஆசிரியர் துணையோடு வாரந்தோறும் நீர்மட்டத்தைக் குறித்து வரலாம். பாடசாலை முற்றத்தில் வாயும் அடியும் ஒரே அகலமான தகரப் பாத்திரமொன்றை வைத்து மழையை அளக்கலாம். இவ்விரு கணக்குகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பிள்ளை, பெய்த மழையெல்லாம் குளத்தில் தங்குவதில்லை என்பதைத் தானே கண்டு, எஞ்சியது எங்கே போயிற்று என்று கேட்கும். அக்கேள்வி பிறந்த கணத்திலே விஞ்ஞானமும் பிறந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்லலாம். தேங்கிய நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் அள்ளிப் பார்த்தால், நுளம்புக் குடம்பிகளை வெறுங்கண்ணாலேயே காணலாம். அனோபிலிஸ் இனத்துக் குடம்பி நீர்ப்பரப்போடு ஒட்டிக் கிடையாகக் கிடக்கும். கியூலெக்ஸ் இனத்தது, மூச்சுக்குழலை மேலே நீட்டித் தலைகீழாகச் சரிந்து தொங்கும். இது வெறும் வேடிக்கையன்று. 1934ஆம், 1935ஆம் ஆண்டுகளிலே மலேரியாக் காய்ச்சல் இந்நாட்டில் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்டது. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆயினும், அவ்வாண்டின் இறுதியிலேயே, அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்னும் புதிய காவி நுளம்பு மன்னாரிலே கண்டறியப்பட்டது. நோய் நீங்கினும் காவல் நீங்கலாகாது. குடம்பியை இனங்காணக் கற்ற பிள்ளை ஊரின் காவலாளர்களுள் ஒருவன்.

ஆகவே, ஆசிரியப் பெருமக்களுக்கும் அவர்களைப் பயிற்றும் கல்லூரிகளுக்கும் நாம் விடுக்கும் வேண்டுகோள் எளியது. பிள்ளையின் கையிலே குவளையைக் கொடுக்குமுன் ஆசிரியர் தாமே ஒருமுறை நீரை அள்ளிப் பார்க்கட்டும். தமக்கும் விடை தெரியாத கேள்வி எழுமாயின், அதைப் பிள்ளைகளோடு சேர்ந்தே தேடட்டும். பெற்றோரும், மாலையிலே சேற்றுக் காலோடு வரும் பிள்ளையைக் கண்டிக்குமுன், இன்று என்ன கண்டாய் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.